வெளிநாடு செல்லும் செவிலியர்: சேலம், நாமக்கல் சமவெளி

சேலம், நாமக்கல் சமவெளியில் படித்த செவிலியர் வேலைக்காக வெளிநாடு செல்வது பெரும்பாலும் தொண்ணூறுகளுக்குப் பின் பரவிய வழக்கம். கேரளத்தில் இது ஒரு தலைமுறைக்கும் முன்பே வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டுக்குள்ளும் வேலூர், கன்னியாகுமரி போன்ற இடங்களுக்குப் பிறகே சேலம் வட்டாரம் வருகிறது. எந்தக் காலத்தில் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதைச் செல்பவரின் விருப்பம் தீர்மானித்தது குறைவு. அந்தந்த நாடு எப்போது கதவைத் திறந்தது, என்ன சான்றிதழ் கேட்டது, எந்தத் தேர்வை வைத்தது என்பவையே தீர்மானித்தன. ஆகவே இந்த இடப்பெயர்வின் வரலாற்றில் பாதி, காகிதங்களின் வரலாறு.

வெளியூர் போய்ப் பிழைப்பது இந்தச் சமவெளிக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அன்றைய சேலம் மாவட்டம் இன்றுள்ளதைவிட மிகப் பெரியது. தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் அதிலிருந்து பிரிந்தன. பிற்காலத்தில் நாமக்கல் லாரிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் வட இந்தியா முழுக்க ஓடின. ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவுக்கும் போயின. கங்காணியோடு போனவருக்கு முன்பணம் போதும், ரிக்கோடு போனவருக்குக் கைத்தொழில் போதும். செவிலியரின் நிலை அப்படியல்ல. அவர் போகும் நாட்டின் பதிவேட்டில் பெயர் ஏறாமல் ஒரு ஊசிகூடப் போட முடியாது. செல்பவர் பெரும்பாலும் பெண் என்பது மற்றொரு பெரிய வேறுபாடு.

தமிழகத்தில் முறையான செவிலியர் பயிற்சி சென்னையிலிருந்து தொடங்குகிறது. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுச் செவிலியருக்கான பயிற்சி ஏற்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கி, 1946-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்பையும் கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகளில் அது ஒன்று. 1926-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் சட்டம் பதிவு மன்றத்தை உருவாக்கியது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மன்றம் அதன் வழிவந்தது. 1947-இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. மாநில மன்றத்தின் பதிவு எண் இல்லாமல் எந்த வெளிநாட்டு விண்ணப்பமும் நகராது என்பதால், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் அதை இயற்றியவர்கள் நினைத்திராத தூரம் வரை நீண்டுவிட்டது.

இந்த வளர்ச்சியில் சேலம் வட்டாரத்தின் பங்கு நெடுங்காலம் சிறியதாகவே இருந்தது. லண்டன் மிஷன் சேலத்துக்கு 1827-லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் மருத்துவப் பணி காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டில்தான் பெரிதாக வளர்ந்தது. மிஷன் மருத்துவமனைகள் அடர்ந்திருந்த தென் மாவட்டங்களிலும் திருவிதாங்கூரிலும் கிறித்தவக் குடும்பங்களின் பெண்கள் செவிலியர் வேலையை இயல்பாக ஏற்றனர். சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து நிலமுள்ள குடும்பங்களோ பெண்ணை இந்த வேலைக்கு அனுப்பத் தயங்கின. இரவுப் பணி, அந்நிய ஆண் நோயாளியின் உடலைத் தொடுவது, கழிவைச் சுத்தம் செய்வது ஆகிய மூன்றுமே கல்யாணச் சந்தையில் குறையாக எண்ணப்பட்டன. அரசு மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளியில் படித்து அரசு வேலைக்குப் போன பெண்களுக்கு மட்டும் இந்தப் பார்வையில் ஓரளவு விலக்கு கிடைத்தது. அரசுச் சம்பளம் எந்தக் குறையையும் மறைத்துவிடும் அல்லவா?

இந்தியச் செவிலியர் திரளாக வெளிநாடு சென்ற முதல் அலைகள் இப்பகுதியைத் தொடாமலே கடந்தன. 1960-களில் கத்தோலிக்கச் சபைகளின் வழியாகக் கேரளப் பெண்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடாவில் மருத்துவமனைகள் எழுந்தன. அங்கும் வார்டுகளை நிறைத்தவர்கள் மலையாளிகளே. தமிழ்நாடு அரசு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. ஆனால் அனுப்பிவைக்கும் அளவுக்குப் படித்த செவிலியர் சேலம் பக்கத்தில் அப்போது அதிகம் இல்லை.

இந்த நிலையை மாற்றியவை சுயநிதிக் கல்லூரிகள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988-இல் செயல்படத் தொடங்கியபின், தனியார் செவிலியர் கல்லூரிகள் மாநிலம் முழுவதும் பெருகின. சேலத்தில் விநாயகா மிஷன் குழுமம், திருச்செங்கோடு அருகே எளையாம்பாளையத்தில் விவேகானந்தா மகளிர் கல்வி நிறுவனங்கள், குமாரபாளையத்தில் ஜே.கே.கே. பெயர் கொண்ட நிறுவனங்கள் என்று, விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் பெயர்பெற்ற ஊர்களில் செவிலியர் கல்லூரிகள் வந்தன. தொடக்கத்தில் இவற்றின் வகுப்பறைகளில் மலையாளம் தாராளமாகக் கேட்டது. கேரளத்தில் இடங்கள் குறைவாக இருந்ததால் அங்குள்ள மாணவர்கள் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் வந்து படித்தார்கள். பாலக்காடு, ஈரோடு, சேலம் வழியாகச் செல்லும் ரயில் பாதை அவர்களுக்கு வசதியாக இருந்தது. உள்ளூர் மாணவிக்கு விடுதி அறைத் தோழியிடமிருந்து கிடைத்த லாபம் ஒன்று உண்டு. குவைத்தில் அக்கா, டப்ளினில் சித்தி என்று வைத்திருந்த தோழி, எந்தத் தேர்வை எப்போது எழுத வேண்டும், எந்த ஏஜென்ட்டை நம்பக்கூடாது என்பதை இரண்டாம் ஆண்டிலேயே அறிந்திருந்தாள். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தக் கல்வி, இங்கிருந்து செவிலியர் வெளியேறியதற்குக் கல்லூரிக் கட்டடங்களின் அளவுக்கே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

நாமக்கல் வட்டாரத்தின் உறைவிடப் பள்ளிகளுக்கும் இதில் மறைமுகப் பங்கு உண்டு. நீட் தேர்வு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், மருத்துவப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. அதற்காக இப்பள்ளிகளில் தயாராகி, கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சற்றே தவறவிட்ட அறிவியல் மாணவிகள் பலருக்கு பி.எஸ்சி. நர்சிங் அடுத்த படியாக அமைந்தது. டாக்டர் படிப்புக்கென்று தயாரான பெண் நர்சிங்கில் சேர்ந்தபோது, தொழில் மீதிருந்த பழைய தயக்கமும் மெல்லக் கரைந்தது.

படித்து முடித்தவரை வெளியே தள்ளியது உள்ளூர்ச் சம்பளம். 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்த அடிப்படையில் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்கு எடுத்தது. நிரந்தரப் பணியும் முறையான ஊதியமும் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் நடத்திய போராட்டம் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. கொரோனா காலத்தில் அமர்த்தப்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பருடன் முடிந்தபோது சேலத்திலும் போராட்டம் எழுந்தது. தனியார் துறைக்கு, உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டலில் அமைந்த குழு 2016-இல் ஓர் அளவைப் பரிந்துரைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது அதில் ஒன்று. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. படித்த நிறுவனத்திலேயே சில ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும், அதுவரை மூலச் சான்றிதழைத் தரமாட்டோம் என்ற ‘பாண்டு’ முறையும் இருந்தது. 2011-இல் இந்திய செவிலியர் மன்றம் அதை ஏற்கக்கூடாது என்று அறிவித்தது. மூலச் சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு வெளிநாட்டுப் பேச்சே கிடையாது என்பதால், இந்த அறிவிப்பு சம்பளப் பிரச்சினையைத் தாண்டிய பொருள் கொண்டது.

வளைகுடாவுக்குச் செல்லும் வழியில் இரண்டு சொற்கள் எல்லோருக்கும் பழக்கம்: டேட்டாஃப்ளோ, புரோமெட்ரிக். முதலாவது, விண்ணப்பதாரர் காட்டும் பட்டம், பதிவு, அனுபவச் சான்று ஒவ்வொன்றையும் அதை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பது. இரண்டாவது கணினித் தேர்வு. பொதுவாக இரண்டாண்டு அனுபவம் கேட்கப்படும். எனவே சேலத்தின் தனியார் மருத்துவமனைகளில் பல இளம் செவிலியருக்கு முதல் இரண்டு வருடங்கள் சம்பளத்துக்காக அல்ல, அனுபவச் சான்றுக்காகவே கழிகின்றன. சான்றில் படுக்கை எண்ணிக்கையும் எந்த வார்டு என்பதும் எழுதப்பட வேண்டும். சிறிய மருத்துவமனைச் சான்று சில நேரம் எடுபடாமல் போகும்.

ஏஜென்ட்டுகளின் வசூல் இந்த வழியின் நெடுநாள் நோய். குவைத் வேலைக்குப் பல லட்சம் ரூபாய் கறந்த மோசடிகள் வெளிவந்தபின், இந்திய அரசு 2015-இல் விதியை மாற்றியது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர் அரசு நிறுவனங்கள் வழியாகவே தேர்வாக வேண்டும் என்றும், படித்தவர் என்பதால் முன்பு அனுமதியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தாலும் இனி அதைப் பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வெளிநாடு செல்பவரின் கடன்சுமை அதற்கு முந்தைய ஆண்டே வெளிப்பட்டது. 2014 ஜூலையில், ஈராக்கின் திக்ரித்தில் சிக்கியிருந்த 46 இந்தியச் செவிலியர் மீட்கப்பட்டனர். அவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் கேரளத்தவர், அந்த ஒருவர் தமிழ்நாட்டவர். மீண்டு வந்த சிலர் கல்விக் கடன் அடைபடவில்லையே என்றுதான் கவலைப்பட்டார்கள்.

பிரிட்டனின் கதவு பலமுறை திறந்து மூடியது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை இந்தியச் செவிலியரைத் திரளாக எடுத்தது. ஏழை நாடுகளைச் சுரண்டக்கூடாது என்ற நெறிமுறையின்படி, தன் உதவி பெற்ற ஆந்திரம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் ஆள் எடுப்பதில்லை என்றும் பிரிட்டன் வைத்துக்கொண்டது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 7 மதிப்பெண் என்ற விதி வந்தது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவருக்கு இதுவே மலை. பேசவும் கேட்கவும் தேறியவர்கள் எழுத்துத் தாளில் 6.5 வாங்கி மீண்டும் மீண்டும் பணம் கட்டினார்கள். 2017-இல் மருத்துவத் துறைக்கேயான ஓ.இ.டி. தேர்வை அந்நாட்டுச் செவிலியர் மன்றம் ஏற்றது. 2018 டிசம்பரில், பழைய தேர்வில் எழுத்துக்கு 6.5 போதும் என்று தளர்த்தியது. சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நாமக்கல் வரை ஆங்கிலப் பயிற்சி நிலையங்களின் பலகைகளில் இத்தேர்வுகளின் பெயர்கள் இடம்பெறுவதற்குப் பின்னால் இப்படியொரு லண்டன் தீர்மானம் இருக்கிறது.

ஆங்கிலம் தாண்டினால், இந்தியாவிலேயே எழுதும் கணினித் தேர்வு. அதன்பின் பிரிட்டன் போய்ச் சேர்ந்து செய்முறைத் தேர்வு. 2021 ஆகஸ்டிலிருந்து இது பத்து நிலையங்கள் கொண்டது. கையைக் கழுவுவது, நோயாளியிடம் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுக் கைப்பட்டையோடு ஒப்பிடுவது, ஒவ்வாமை உண்டா என்று கேட்பது, இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிச் செய்வது, குறிப்பில் தேதி, நேரம், கையெழுத்து விடாமல் போடுவது ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. ஒரு வார்டில் முப்பது நோயாளிகளைத் தனியாகச் சமாளித்துப் பழகியவர், திறமை குறைந்து அல்ல, வாய் திறந்து சொல்லாததாலேயே இதில் தவறுகிறார். தேறும்வரை குறைந்த நிலைச் சம்பளம். பதிவு கிடைத்ததும் ஐந்தாம் படிநிலை. 2024-25-இல் அதன் தொடக்கம் ஆண்டுக்கு 29,970 பவுண்டு.

2019-இல் அந்நாட்டு அரசு 50,000 செவிலியரைக் கூடுதலாகச் சேர்ப்பதாக வாக்களித்ததும், 2020-இல் மருத்துவப் பணியாளருக்கெனத் தனி விசா வந்ததும் பெரிய அலையைக் கிளப்பின. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டனின் பதிவேட்டில் புதிதாகச் சேரும் வெளிநாட்டுச் செவிலியரில் இந்தியாவில் படித்தவர்கள் முதலிடம் பிடித்தார்கள். செவிலியர் பதிவு கிடைக்காத பலர் முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளர் விசாவில் போனார்கள். அப்படிப் புதிதாகப் போனவர்களால் 2024 மார்ச்சிலிருந்து குடும்பத்தைக் கூட்டிச் செல்ல முடியாமலானது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளரை எடுப்பதே நிறுத்தப்பட்டது. செவிலியருக்கு வழி அடைபடவில்லை என்றாலும் காலியிடங்கள் குறைந்தன.

அமெரிக்க வழியில் தேர்வு தடையல்ல, வரிசையே தடை. அந்நாட்டுச் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை 2006 முதல் இந்தியாவிலேயே எழுதலாம், சென்னையிலும் மையம் உண்டு. ஆனால் இந்தியருக்கான நிரந்தர வசிப்புரிமை வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்வதால், தேறியவர் கிடைத்த வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார்.

அண்மைக் காலத்தில் கவனம் ஜெர்மனி பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே ஆங்கிலம் உதவாது. பி2 நிலை வரை ஜெர்மன் படிக்க வேண்டும், அதற்கு ஓராண்டு அல்லது அதற்கு மேல் ஆகும். அந்தக் காலத்தில் வருமானமும் நின்றுவிடும். பயிற்சி இலவசமா, கட்டணமா என்பதே ஒருவர் போவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்கிறது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் மாநில அரசு நிறுவனமான தாட்கோவும் ஜெர்மன் மொழிப் பயிற்சியோடு சேர்த்து வேலை அறிவிப்புகள் வெளியிடுகின்றன. தாட்கோவின் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கானது. ஜெர்மனி போய்ச் சேர்ந்த பின்னும் இந்தியப் படிப்பில் எந்தப் பகுதி குறைகிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் கூடுதல் பயிற்சியோ தேர்வோ முடித்தால்தான் முழுச் செவிலியர் தகுதி.

எந்த நாடானாலும் கல்லூரி அலுவலகத்தின் வேலை ஒன்றே. பாடவாரியாக வகுப்பு எத்தனை மணி, வார்டில் எத்தனை மணி என்று நிரப்பிய படிவத்தில் முதல்வர் கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, மடிப்பின் மேல் முத்திரை குத்தி நேராக அனுப்ப வேண்டும் என்பதே நெடுநாள் முறை. இப்போது பாதி இணையத்துக்கு மாறிவிட்டது. ஒரு பாடத்தின் மணி எண்ணிக்கை குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும். பத்தாண்டுக்கு முன் படித்தவரின் வருகைப் பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பணியாளர் சேர்ப்புக்கான நெறிமுறையை வகுத்து, பற்றாக்குறையுள்ள நாடுகளின் பட்டியலையும் பின்னர் வெளியிட்டது. இந்தியா அதில் இல்லை. ஆனால் நாட்டளவில் தெரியாத இழப்பு ஊரளவில் தெரிகிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது அனுபவமுள்ள செவிலியரின் தேவை கூடியது. தனியார் மருத்துவமனைகள் பழக்கி எடுத்த ஐ.சி.யூ. செவிலியரோ இரண்டாண்டில் விசாவோடு கிளம்புகிறார். இடத்தை நிரப்புபவர் அப்போதுதான் கல்லூரியை முடித்தவர். இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. பதிவைத் தேசிய அளவில் ஒரே பதிவேட்டில் வைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அது முழுமையாகச் செயல்பட்டால், சேலத்தில் படித்தவரின் தகுதியை வெளிநாட்டு மன்றம் சரிபார்க்கும் காலம் குறையலாம்.