புகை இல்லை, சரி, பசுமையா?

அணுமின்சாரம் பசுமை மின்சாரமா என்று கேட்டால், "புகையே இல்லையே, அப்புறம் என்ன?" என்கிறார் என் நடைப்பயிற்சி நண்பர். புகையை மட்டும் பார்த்தால் எங்கள் கள்ளக்குறிச்சிக் கணக்கு தலைகீழாகிவிடும்.

மூங்கில்துறைப்பட்டிலும், கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. அரவைக் காலத்தில் அங்கே கொதிகலனில் எரிவது கரும்புச்சக்கை. புகை வரத்தான் செய்யும். ஆனாலும் சக்கை புதுப்பிக்கத்தக்க எரிபொருள். வெட்டிய கட்டையிலிருந்தே மறுதாம்பு துளிர்த்து, எரித்தபோது போன கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஜாதுகுடா சுரங்கத்து யுரேனியம் துளிர்க்காது.

இந்தக் கவலை 1950களிலேயே ஹோமி பாபாவுக்கு இருந்தது. நம்மிடம் யுரேனியம் குறைவு, தோரியம் அதிகம். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே இருக்கிறது. எனவே மூன்று கட்டத் திட்டம் வகுத்தார். 1983-ல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் முதல் உலை முதல் கட்டத்தைச் சேர்ந்தது. இரண்டாவது கட்டம், எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் ஈனுலை. கேட்க அட்சயபாத்திரம் போல இருக்கும். அதே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004-ல் வேலை ஆரம்பித்தது. உலையின் கருப்பகுதியை நிரப்பத் தொடங்கவே 2024 மார்ச் ஆகிவிட்டது. தோரியக் கட்டம் அதற்கும் அப்பால்.

இதற்கிடையில் சொற்களை வைத்து அரசுகள் நடத்திய விளையாட்டு தனிக் கதை. 2009-ல் உருவான பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையின் சாசனப் பட்டியலில் சூரியன், காற்று, நீர், கடல், புவிவெப்பம், உயிரிப்பொருள் உண்டு, அணு இல்லை. 2015-ல் பாரிஸ் மாநாட்டுக்கு முன் இந்தியா வாக்குறுதி தந்தபோது, 2030-க்குள் மின் நிறுவுதிறனில் 40 சதவீதம் "புதைபடிவம் அல்லாத" வழியில் என்று எழுதியது. அந்த வார்த்தையால் அணு சத்தமில்லாமல் உள்ளே வந்தது. நம் நாட்டில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களே 2019 மார்ச்சில்தான் புதுப்பிக்கத்தக்கவை ஆயின. தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான்! 2022 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் அணுவோடு இயற்கை எரிவாயுவையும் நிபந்தனைகளுடன் பசுமை முதலீட்டுப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. எரிவாயுவுக்கே இடம் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

2012-ல் இடிந்தகரையில் மீனவர்கள் போராடிக்கொண்டிருந்தபோது, எங்கள் பக்கம் கடும் மின்வெட்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, கரும்புக்கு மோட்டார் போட ராத்திரியில் விழித்திருந்தார்கள். "கூடங்குளத்தை எப்போ திறப்பாங்க?" என்பதே டீக்கடைப் பேச்சு. 2013 அக்டோபரில் முதல் உலை மின்தொடரில் இணைந்தது. மின்சாரம் கம்பி வழியாக எல்லா ஊருக்கும் போகும். எரித்து முடித்த எரிபொருள் உலை இருக்கும் வளாகத்திலேயேதான் கிடக்கிறது. கரி குறைந்த மின்சாரம் என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். பசுமை என்று சொல்லலாமா என்பதை இடிந்தகரைக்காரர்களிடம் கேட்கட்டும்.