விருந்து மேசையில் மறுக்கப்பட்ட இடம்: கறுப்பின வேதியியலாளர்களின் தனி மாநாடு உருவான வரலாறு

வேதியியலாளர்களின் மாநாடு என்றதும் ஆய்வுக் கட்டுரை வாசிப்பும் சுவரொட்டி அரங்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பணியிலிருக்கும் ஒரு வேதியியலாளர் விடுப்பெடுத்து, கட்டணம் செலுத்தி, ஆயிரம் மைல் பயணம் செய்து அங்கே செல்வதற்கு அவை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. கட்டுரையைப் பின்னர் இதழிலேயே படித்துக்கொள்ளலாம். எந்த நிறுவனம் ஆள் எடுக்கவிருக்கிறது, எந்த ஆய்வகத்தின் தலைவர் ஓய்வுபெறப் போகிறார், எந்தப் பேராசிரியரிடம் நிதி மிச்சமிருக்கிறது என்ற செய்திகள் எந்த இதழிலும் வருவதில்லை. அவை தேநீர் இடைவேளையிலும் இரவு விருந்திலும் கைமாறுகின்றன. ஆகவே அந்த விருந்தில் யாருக்கு இடமில்லை என்ற கேள்வி, அந்தத் தொழிலில் யாருக்கு இடமில்லை என்ற கேள்வியிலிருந்து வெகுதொலைவில் இல்லை. அமெரிக்காவின் கறுப்பின வேதியியலாளர்கள் இக்கேள்வியை எதிர்கொண்ட விதத்தை நம் வாசகர்கள், குறிப்பாக அறிவியல் பயிலும் மாணவர்கள், அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க வேதியியல் கழகம் 1876இல் நியூயார்க் நகரில் தொடங்கப்பட்டது. 1937இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதற்குத் தனிப் பட்டயம் வழங்கியது. ஆண்டுக்கு இருமுறை அது நடத்தும் தேசிய மாநாடுகளில் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். கரிம வேதியியல், பகுப்பாய்வு வேதியியல், பலபடி வேதியியல் என முப்பதுக்கும் மேற்பட்ட துறைப் பிரிவுகள் தனித்தனி அமர்வுகளை நடத்துகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரக் கிளைகள் தத்தம் நகரங்களில் ஆண்டு முழுவதும் கூடுகின்றன. வேலை தேடுவோரையும் ஆள் தேடும் நிறுவனங்களையும் மாநாட்டிலேயே நேருக்கு நேர் அமரவைக்கும் வேலைவாய்ப்பு மையம் பல பத்தாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தருதல், மாதிரி நேர்காணல், ஆய்வுத்துறையிலிருந்து நிர்வாகத்துக்கு மாற விரும்புவோருக்கான பயிற்சி ஆகியவையும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுகின்றன. இது ஒரு தனியார் அமைப்பு. ஆனால் ஒரு தொழிலின் வாயிற்படி.

பட்டம் இருந்தது, மேசை இல்லை

வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் செயிண்ட் எல்மோ பிரேடி. 1916இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றார். அதன்பின் அவர் பணியாற்றிய டஸ்கீகி, ஹோவர்டு, ஃபிஸ்க், டூகலூ ஆகிய நான்குமே கறுப்பின மாணவர்களுக்கெனத் தோன்றிய கல்வி நிலையங்கள். அங்கே அவர் ஆற்றிய பணி மகத்தானது. ஆனால் வெள்ளையர் நடத்திய பல்கலைக்கழகங்களும் தொழில் ஆய்வகங்களும் அவரைப் போன்றோருக்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் அந்தப் பட்டியலே காட்டுகிறது.

பெர்சி ஜூலியனின் வாழ்க்கை இதை இன்னும் துல்லியமாக விளக்குகிறது. 1899இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில் பிறந்தவர். ஹார்வர்டில் முதுகலையும், 1931இல் வியன்னாவில் முனைவர் பட்டமும் பெற்றவர். 1935இல் தம் வியன்னா நண்பர் ஜோசஃப் பிக்லுடன் சேர்ந்து, கண் அழுத்த நோய்க்கு மருந்தான பைசோஸ்டிக்மினை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சன் குழுவோடு போட்டியிட்டு வென்ற சாதனை அது. அதன்பின் டூபான்ட் நிறுவனம் வேலை கொடுத்தது பிக்லுக்கு, ஜூலியனுக்கு அல்ல. விஸ்கான்சின் மாநிலம் ஆப்பிள்டனிலிருந்த காகித வேதியியல் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொள்ள எண்ணியது. கறுப்பர் இரவு தங்கக் கூடாதென்ற அந்நகரின் விதி குறுக்கே நின்றது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஆப்பிள்டன் நிறுவனத்தின் ஆட்சிக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் க்ளிடன் நிறுவனத்தின் துணைத்தலைவர் ஓ'பிரையன். ஜூலியனின் பெயரும் தகுதியும் அங்கேதான் அவர் காதில் விழுந்தன. 1936இல் ஜூலியன் சிகாகோவிலிருந்த க்ளிடன் சோயா ஆய்வகத்தில் பொறுப்பேற்றார். சோயா புரதத்திலிருந்து போர்க்காலத்தில் கடற்படை பயன்படுத்திய தீயணைப்பு நுரைக்கான மூலப்பொருள், சோயா எண்ணெயிலிருந்து புரோஜெஸ்டிரோன் முதலான ஹார்மோன்களின் பேரளவு உற்பத்தி ஆகியவை அங்கே பிறந்தன. இத்தனைக்கும் தொடக்கம், ஓர் அறையில் அமர்ந்திருந்த ஒருவர் காதில் ஒரு பெயர் விழுந்ததுதான். அந்த அறைக்குள் ஜூலியன் இல்லை. அவரைப் பற்றிய பேச்சு இருந்தது. பேச்சுகூட எட்டாத எத்தனை பேர் பள்ளி ஆசிரியர்களாகவும் அஞ்சல் ஊழியர்களாகவும் காலம் கழித்தனர் என்பதற்குக் கணக்கு ஏது?

புகழ் வந்த பின்னும் மேசை கிடைத்துவிடவில்லை. 1950இல் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் அவர் வாங்கிய வீட்டுக்குத் தீவைக்க முயன்றார்கள். அடுத்த ஆண்டு வெடிகுண்டு வீசினார்கள். அதே 1951இல் சிகாகோவின் பெயர்பெற்ற மன்றமொன்றில் நடந்த அறிவியலாளர்களின் மதிய விருந்துக்கு அவர் அழைக்கப்பட்டிருந்தார். கறுப்பரை உள்ளே விட முடியாதென்று மன்றம் சொல்லிவிட்டது. வேதியியலில் மட்டும் நிகழ்ந்ததென்று எண்ண வேண்டாம். அவ்வாண்டிலேயே நாஷ்வில்லில் நடந்த கணிதவியலாளர்களின் வட்டார மாநாட்டில், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆசிரியர்களுக்கு விருந்தில் இடம் மறுக்கப்பட்டது. உரையைக் கேட்கலாம், உடன் உண்ண முடியாது. சமபந்தி மறுப்பின் பொருளை நம் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் எதுவரை நீளும்

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இதில் பெரும்பகுதியை மாற்றியது. அதன் இரண்டாம் பகுதி விடுதிகளிலும் உணவகங்களிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தது; ஏழாம் பகுதி வேலைவாய்ப்பில் தடைசெய்தது. மாநாடு நடக்கும் விடுதியில் அறை மறுக்க இனி எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அதே இரண்டாம் பகுதி, பொதுமக்களுக்குத் திறந்திராத தனியார் மன்றங்களுக்கு விலக்கும் அளித்தது. ஜூலியனைத் தடுத்தது போன்ற மன்றங்கள், உண்மையிலேயே தனியார் மன்றங்களாக இருக்கும் அளவுக்கு, அந்த விலக்கின் நிழலில் நிற்க முடிந்தது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பும் கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சங்கங்களின் உறுப்புரிமை என்று வரும்போது நீதிமன்றங்கள் தயங்கியிருக்கின்றன. சொராஷ்ட்ரியக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அத்தீர்ப்பு தவறானது என்பதே என் கருத்து. எவ்வாறாயினும், விடுதியின் கதவையும் வேலையின் கதவையும் சட்டம் திறக்கலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள தாழ்வாரப் பேச்சுக்கு ஆணை பிறப்பிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. வழக்கறிஞர் தொழிலிலும் இதே கதைதான். எந்த மூத்தவரின் அலுவலகத்தில் இளையவராகச் சேர்கிறோம் என்பதைத் தேர்வு மதிப்பெண் தீர்மானிப்பதில்லை.

அந்தத் தாழ்வாரப் பேச்சின் எடையை மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியலாளர் எண்களில் காட்டினார். மாசசூசெட்ஸ் மாநிலம் நியூட்டனில் வேலை மாறிய தொழில்முறைப் பணியாளர்களிடமும் நிர்வாகிகளிடமும் அவர் ஆய்வு செய்தார். அறிமுகமானவர் வழியாக வேலை பெற்றோரில், அந்நபரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்திப்பதாகச் சொன்னவர்கள் 55.6 விழுக்காட்டினர், அரிதாகவே சந்திப்பதாகச் சொன்னவர்கள் 27.8 விழுக்காட்டினர். நெருங்கிய உறவினரும் நண்பரும் நமக்குத் தெரிந்ததையே அறிந்திருக்கிறார்கள். புதிய செய்தி வருவது ஆண்டுக்கொரு முறை கைகுலுக்கிய மனிதரிடமிருந்து. இம்முடிவு வெளியான ஆண்டு 1973. ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து முதல் தலைமுறையாக ஒரு தொழிலுக்கு வருபவரிடம் இல்லாதது இந்தத் தொலைவு அறிமுகங்கள்தான்.

நியூ ஆர்லியன்ஸ், 1974

அந்த ஆய்வு வெளியாவதற்கு ஓராண்டு முன்னரே, 1972 ஏப்ரலில், கறுப்பின வேதியியலாளர்கள், வேதிப்பொறியாளர்களின் தொழில் முன்னேற்றத்துக்கென ஒரு தற்காலிகக் குழு அமைந்தது. ஹாஸ் சமுதாய நிதியம் பொருளுதவி செய்தது. ஜோசஃப் கேனன், லாயிட் ஃபெர்குசன், வில்லியம் ஜாக்சன், வில்லியம் கில்லரி, ஹென்றி மெக்பே, சார்லஸ் மெரிடித், ஜேம்ஸ் போர்ட்டர் ஆகிய எழுவர் நிறுவனர்களாக அறியப்படுகின்றனர். இவர்களில் ஃபெர்குசன், 1943இல் பெர்க்லியில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். மெக்பே, மோர்ஹவுஸ் கல்லூரியில் பல தலைமுறை மாணவர்களை முனைவர் பட்டத்தை நோக்கி அனுப்பியவர். 1974இல் நியூ ஆர்லியன்ஸில் முதல் மாநாடு கூடியது. தற்காலிகக் குழு நிரந்தர அமைப்பாயிற்று. நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை 'நோபிஷே' என்று அழைக்கிறார்கள்.

இவர்கள் அமெரிக்க வேதியியல் கழகத்தைப் புறக்கணித்துவிட்டு வந்தவர்கள் அல்லர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வறிய குடும்பங்களின் பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறையில் உதவித்தொகையுடன் உண்மையான ஆய்வகத்தில் பணிபுரிய வழிசெய்யும் 'சீட்' திட்டத்தை அக்கழகம் 1968இல் தொடங்கியபோது, அதற்கு உழைத்தவர்களில் ஃபெர்குசனும் ஒருவர். 1977இல் ஹென்றி ஹில் அக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். கழகம் தோன்றி 101 ஆண்டுகள் கழிந்திருந்தன. வேதியியலாளர்களை நிறுவனங்கள் எவ்வாறு நடத்த வேண்டும், பணிநீக்கத்தின்போது எந்த நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்ற வழிகாட்டு விதிகளை அக்கழகம் உருவாக்கியதில் ஹில்லின் பங்கு பெரிது. தொழிற்சங்கம் இல்லாத ஒரு தொழிலில் அவ்விதிகள் எல்லா நிறத்தவருக்கும் பயன்பட்டன. 2010இல் கழகத்தின் தலைவரான ஜோசஃப் ஃபிரான்சிஸ்கோ, அதற்கு முன்னர் நோபிஷேயின் தலைவராக இருந்தவர். தனி அமைப்பு பிரிவினையை வளர்க்கும் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரடியான பதில் தேவையில்லை.

அம்மாநாடு நடக்கும் முறை பொது மாநாட்டை ஒத்ததே. ஆய்வு அமர்வுகள், சுவரொட்டி அரங்கு, வேலைவாய்ப்பு முகாம், பயிலரங்குகள், விருது விருந்து. 1975இல் தொடங்கிய பெர்சி ஜூலியன் பெயரிலான விருது இதன் உயரிய கௌரவம். ஃபெர்குசன் பெயரில் இளம் அறிவியலாளருக்கும், மெக்பே பெயரில் ஆசிரியருக்கும் விருதுகள் உள்ளன. வேறுபாடு அறையின் இயல்பில் இருக்கிறது. பொது மாநாட்டில் ஒரு கறுப்பின மாணவி சுவரொட்டியின் அருகே நிற்கும்போது, தன் அறிவியலை விளக்குவதற்கு முன் தான் அங்கே நிற்பதற்கான காரணத்தை விளக்க வேண்டியவளாக உணரக்கூடும். இங்கே அந்தச் சுமை இல்லை. தன்னைப் போன்ற ஒருவர் ஆய்வகத் தலைவராக, காப்புரிமை அலுவலராக, ஆலை மேலாளராக எதிரே நிற்பதை அவள் காண்கிறாள். பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் வினாடி வினாவும் இம்மாநாட்டின் பகுதி. மூத்த விஞ்ஞானிகள் நடமாடும் அதே விடுதியில் பதினைந்து வயதினரும் அணி அணியாக நடமாடுகின்றனர். 1993இல் வினிஃபிரட் பர்க்ஸ்-ஹவுக் இதன் முதல் பெண் தலைவரானார். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் சுற்றுச்சூழல் வேதியியலாளராகப் பணியாற்றியவர் அவர். அவர் பெயரிலும் இப்போது விருது உண்டு. தொடக்க நிறுவனர் எழுவரும் ஆண்கள் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய வேதி நிறுவனங்கள் இங்கே கடை விரிக்கின்றன, நேர்காணல் நடத்துகின்றன, விருந்துக்குப் பணம் தருகின்றன. ஒரு மேசை போட்டு அமர்ந்ததையே தம் சமத்துவக் கடமை நிறைவேறியதற்குச் சான்றாகக் காட்டவும் அவற்றால் முடியும். வேலைக்கு எடுப்பது ஒன்று. எடுத்தவர்களைப் பதவி உயர்த்தித் தக்கவைப்பது வேறொன்று. மாநாடு முதலாவதைத்தான் செய்ய முடியும். பதிவுக் கட்டணம், பயணம், விடுதி என்று சேரும் செலவும் சிறிதன்று. பயண நிதி பெறாத மாணவர் வராமலே போகிறார். அந்தக் கதவை இனவெறி மூடுவதில்லை, வறுமை மூடுகிறது. நம் நாட்டிலும் தனியார் மருந்து ஆலைகளிலும் வேதி ஆலைகளிலும் இடஒதுக்கீடு இல்லை. முதுகலை முடித்த தலித் மாணவருக்குப் பணம் தேடித் தர வேண்டியது தேர்வுக் கட்டணத்துக்கு மட்டுமல்ல, இத்தகைய பயணத்துக்கும்தான் என்பதை நம் மாணவர் அமைப்புகள் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

அண்மைக் காலத்தில் புதிய நெருக்கடி சட்டத்தின் பக்கமிருந்தே வந்திருக்கிறது. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதை விலக்கியது. 2024 ஜூனில் பதினொன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கென 'ஃபியர்லெஸ் ஃபண்ட்' வழங்கிய 20,000 டாலர் உதவித்திட்டத்துக்குத் தடை விதித்தது. தடைக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். விடுதலைபெற்ற அடிமைகளும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக இயற்றப்பட்டது அது. அவர்களின் பேத்திகளுக்குப் பேத்திகளான பெண்களுக்கு எதிராக அதே சட்டம் படிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது, திட்டம் மூடப்பட்டது. எவரும் பதிவுசெய்து வந்து அமரக்கூடிய ஒரு மாநாட்டை இத்தீர்ப்பு நேரடியாகத் தொடவில்லை. ஆனால் மாணவர் பயண நிதியும் உதவித்தொகையும் விண்ணப்பதாரரின் இனத்தை நிபந்தனையாக்கினால், அவை ஒப்பந்தம் என்று வாதிடப்பட்டு அடுத்த வழக்கின் பொருளாகலாம். ஆகையால் அந்நாட்டின் தொழில்முறை அமைப்புகள் இப்போது தத்தம் விண்ணப்பப் படிவங்களில் எந்தச் சொல்லை வைப்பது, எதை எடுப்பது என்று வழக்கறிஞர்களுடன் அமர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.