கைமாறிய நாடாக்கள்: மேற்குச் சென்னைப் புறநகரில் பாட்டுப் பகிர்வின் வரலாறு

ஒரு பாட்டுக்கு இசையமைத்தவர் யார், பாடியவர் யார், அதை வெளியிட்ட நிறுவனம் எது என்பனவற்றைத் தமிழ்த் திரையிசை வரலாறுகள் விரிவாகவே எழுதி வைத்துள்ளன. ஆனால் அந்தப் பாட்டில் மனம் பறிகொடுத்தவர் அதை அடுத்தவர் காதுக்கு எப்படிக் கொண்டு சேர்த்தார் என்பது அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. இந்த விடுபட்ட வரலாற்றை ஆராய்வதற்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்கள் ஏற்ற களமாகும். பாட்டை உருவாக்கும் தொழில் வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் ஏவி.எம்., பிரசாத் போன்ற ஸ்டுடியோக்களைச் சுற்றி வளர்ந்தது. அங்கிருந்து போரூர் வழியாகப் பூந்தமல்லிக்கு நேரே பேருந்து வரும் தொலைவுதான் என்றாலும், இவ்வூர்கள் கேட்போரின் ஊர்களாகவே இருந்தன.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்தப் பகுதியின் ஊடாகவே சென்றது. எனினும், இங்கே மக்கள் பெருமளவில் குடியேறியது விடுதலைக்குப் பின்னரே ஆகும். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலையும், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1960களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அமைந்தன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஒரே குடியிருப்பில், ஒரே ஷிப்டில், ஒரே மின்சார ரயிலில் நாள்தோறும் சந்தித்துக்கொண்டதால், ஒருவர் வீட்டில் ஒலித்த பாட்டு பக்கத்து வீட்டுக்கும், அங்கிருந்து பட்டறைக்கும் செல்வதற்கு வழி பிறந்தது.

கேசட் வருவதற்கு முன்னர்ச் சொந்தமாக இசைத்தட்டு வாங்கிக் கேட்பது வசதி படைத்த சில வீடுகளுக்கே இயன்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும். பின்னர் வந்த எல்.பி. என்னும் நெடுநேர இசைத்தட்டோ பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடும். தட்டும் அதைச் சுழற்றும் கருவியும் எட்டாத வீடுகளுக்குப் புதுப் பாட்டைக் கொண்டு சேர்த்தவர் மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என எந்த விசேஷமானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி அவர் போடும் தட்டுகளே தெருவுக்குப் புதுப்பாட்டாயின. ஆடி மாதத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலைச் சுற்றிய ஊர்களில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் மனப்பாடமானதும் இந்த வழியில்தான்.

வானொலி இந்தப் பகிர்வை வேறொரு வகையில் விரிவாக்கியது. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கியதால் நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். அவர்களை மீட்கவே 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சிமுறையில், ஒருவர் தமக்குப் பிடித்த பாட்டைத் தம் பெயரோடும் வீட்டார், நண்பர்கள் பெயர்களோடும் அஞ்சலட்டையில் எழுதியனுப்ப, அறிவிப்பாளர் அத்தனை பெயரையும் ஊரையும் படித்துவிட்டுப் பாட்டை ஒலிபரப்புவார். ‘இதை நான் ரசிக்கிறேன், நீங்களும் கேளுங்கள்’ என்று சாதாரண மனிதர் ஒருவர் ஊரறியச் சொல்வதற்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அந்த அஞ்சலட்டை என்றே கூறலாம்.

பழைய தட்டுகளைத் தேடியவர்கள் ரயிலேறிச் சென்ற இடம் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் ஆகும். 1900இல் திறக்கப்பட்டுப் பழைய புத்தகங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பேர்பெற்று விளங்கிய அந்தச் சந்தை 1985 மே மாதம் தீக்கு இரையாயிற்று. அந்த இடத்தில் எழுந்த கட்டடமே இன்று ஆவடி மார்க்கப் புறநகர் ரயில்கள் வந்து சேரும் நிலையமாக உள்ளது; தட்டுகள் கைமாறிய நிலத்தில்தான் அப்பயணிகள் இன்றும் இறங்குகின்றனர்.

பகிர்வின் தன்மையை அடியோடு மாற்றியது, பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், அதாவது காந்தப் பூச்சுள்ள மெல்லிய நாடாவைச் சிறு பெட்டிக்குள் அடக்கிய ஒலிப்பேழை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் வானொலியும் கேசட் கருவியும் இணைந்த டூ இன் ஒன்னைக் கொண்டுவரத் தொடங்கிய 1970களின் பிற்பகுதி முதல், ரயில் நிலையங்களையும் பேருந்து நிலையங்களையும் அடுத்து ரெக்கார்டிங் சென்டர்கள் பெருகின. வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி வெற்றுக் கேசட்டோடு கொடுத்துச் செல்வார். கடைக்காரர் தம்மிடமுள்ள தட்டுகளிலிருந்து அவற்றை வரிசையாகப் பதிந்து, உறையினுள் இருக்கும் அட்டையில் ஏ பக்கம், பி பக்கம் எனப் பிரித்துப் பாட்டின் பெயர்களைக் கையால் எழுதித் தருவார்.

இதில் நுட்பமான கணக்கொன்று இருந்தது. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடமே இடம் உண்டு என்பதால், ஆறு அல்லது ஏழு பாட்டுக்கு மேல் அடங்காது. நீளம் பாராமல் பட்டியல் போட்டால் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே அறுந்துபோகும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பாட்டுகள் கூடுதலாகக் கிடைத்தாலும், அதன் நாடா மேலும் மெல்லியது என்பதால் கருவியில் எளிதில் சிக்கிக்கொள்ளும். வெளியே வந்த நாடாவைப் பல்சக்கரத் துளையில் பென்சிலைச் செருகிச் சுற்றி உள்ளே இழுப்பது அக்காலத்தவர் அனைவருக்கும் கைவந்த வித்தை. ஒரு பதிவிலிருந்து மறுபதிவு எடுக்க எடுக்க இரைச்சல் கூடிக்கொண்டே போகும் என்பதை அறிந்த ரசிகர்கள், தட்டிலிருந்து நேராகப் பதிந்த கேசட்டையே பெரிதும் மதித்தனர். இரவல் போன கேசட்டில் யாரும் வேறு பாட்டைப் பதிந்துவிடாமலிருக்க அதன் விளிம்பிலுள்ள சிறு தகடுகளை உடைத்துவிடுவர். எனினும் அந்தத் துளையில் செல்லோ டேப்பை ஒட்டினால் மீண்டும் பதிய முடியும் என்பதையும் எல்லோரும் அறிந்திருந்தனர். திரைப்பாட்டு அல்லாத இசைக்கு இந்தக் கைமாற்றம் இன்னும் முக்கியமாயிற்று. இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் மேனாட்டு இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கி வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’, 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ ஆகியவை படக்காட்சியின் துணையின்றி வந்த இசைத்தொகுப்புகள் என்பதால், ஒருவர் கேட்டுவிட்டு மற்றவரிடம் எடுத்துச் சொல்வது அவற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது.

இந்தக் கடைகளின் தொழில் பெரும்பாலும் சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் மறைப்பதற்கில்லை. உரிமையாளரின் இசைவின்றிப் படியெடுப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகும். 1984இல் வந்த திருத்தம் அதற்கான தண்டனையை மூன்றாண்டுச் சிறை வரை உயர்த்தியது. இசைக் கலைஞருக்குச் சேர வேண்டிய பணம் சேராமல் போனது உண்மையான இழப்பே. வட இந்தியக் கேசட் பண்பாட்டை ஆராய்ந்து 1993இல் நூல் வெளியிட்ட பீட்டர் மானுவல், சில பெருநிறுவனங்களின் கையிலிருந்த இசை உற்பத்தியைக் கேசட் பரவலாக்கியது என்று காட்டினார். மேற்குப் புறநகரின் ரெக்கார்டிங் சென்டரில் பரவலானது உற்பத்தியைக் காட்டிலும் தேர்வுரிமையே ஆகும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரவேண்டும் என்பதை அதுவரை நிறுவனமும் வானொலி நிலையமுமே முடிவு செய்தன. இப்போது லேத் பட்டறைத் தொழிலாளியும் தையற்கடைப் பெண்ணும் முடிவு செய்தனர்.

2000க்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளை அடக்கும் எம்.பி.3 குறுந்தகடும், அதைத் தொடர்ந்து கைப்பேசியின் மெமரி கார்டும் வந்தன. கேசட் பதிந்து கொடுத்த கடைகள் கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளாயின. கார்டில் ஆயிரம் பாட்டுக்கு இடம் கிடைத்தபோது, பன்னிரண்டு பாட்டை மட்டும் பொறுக்கியெடுக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. அதனோடு, நண்பரின் மனமறிந்து வரிசைப்படுத்தும் உழைப்பும் குறைந்தது. இன்று பல வீடுகளின் பரண்களில் கிடக்கும் கேசட்டுகளில் பூஞ்சை படிந்து நாடா ஓடாமல் போயிருக்கலாம். ஆனால் உறைக்குள் மடித்து வைத்த அட்டையில் நீல மையால் எழுதப்பட்ட பட்டியலை இப்போதும் படிக்க முடிகிறது. ஒரு புறநகரின் செவி எதை விரும்பியது என்பதற்கு அந்தந்தக் காலத்தவரே தம் வேண்டுகோளால் உருவாக்கிய ஆவணம் அது; பழைய இரும்புக்கும் காகிதத்துக்கும் போகுமுன் அந்த அட்டைகளைத் திரட்டிக் காப்பது, இசை வரலாற்றை எழுதுவோரின் உடனடிக் கடமையாகும்.