பாலிண்ட் குழு

மருத்துவர்கள் எட்டுப் பத்துப் பேர் கூடி, தம்மை உறுத்தும் நோயாளியைப் பற்றிப் பேசும் குழு. புடாபெஸ்ட்டில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட், மனைவி ஈனிட்டுடன் சேர்ந்து 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் பொதுநல மருத்துவர்களுக்காக இதை வளர்த்தெடுத்தார். கேஸ் ஷீட் கையில் இராது. ஒருவர் நினைவிலிருந்து சொல்வார். முடித்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாய்மூடிக் கேட்பார், மற்றவர்கள் பேசுவார்கள். மருந்தை மாற்ற யோசனை சொல்வது நோக்கமல்ல. அந்த நோயாளியிடம் ஏன் எரிச்சல் வந்தது, ஏன் பயம் வந்தது என்பதே பேச்சு.

இதனால் மருத்துவருக்கு என்ன பயன்? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், வேறு வகைச் சிறு குழுக்களை வைத்து 74 மருத்துவர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஓரளவு விடை தருகிறது. இரு வாரத்துக்கு ஒரு மணி நேரம், நிறுவனமே ஒதுக்கிய வேலை நேரத்தில், ஒன்பது மாதம் கூடியவர்களுக்கு வேலையில் ஈடுபாடு கூடியது. நோயாளியிடம் மரத்துப்போகும் தன்மை குறைந்தது. மனச்சோர்வு அறிகுறிகளில் தெளிவான வேறுபாடு இல்லை. ஆகவே குழு, மனச்சோர்வுச் சிகிச்சைக்கு மாற்றாகாது. பணிச்சுமையை விட்டுவிட்டு மருத்துவரைச் சரிசெய்யப் பார்க்கும் உத்தி இது என்ற கண்டனத்தில் பாதி நியாயம் உண்டு; ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நிறுவனம் தன் கணக்கில் தந்தது என்பதைக் கண்டிப்பவர்கள் மறக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் கூடும்படி சொன்னால் அது இன்னொரு டியூட்டிதான். மருத்துவர் தம் உடல்நலத்தையும் பேண வேண்டும் என்பது, மருத்துவர்களுக்கான, 2017இல் திருத்தப்பட்ட ஜெனீவா பிரகடனத்தில் உறுதிமொழியாகவே இடம்பெற்றிருக்கிறது.