அமரும் இடமும் நம்பும் சத்தியமும்



'வேதாகமக் கண்ணோட்டம்' என்னும் சொல் நம் பிரசங்கங்களிலும் வாலிபர் கூடுகைகளிலும் அடிக்கடி ஒலிக்கிறது. படைப்பைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் சரியான கருத்துகளை வைத்திருப்பதே அதன் பொருள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ரோமர் 12:2-இல் பவுல் அதைவிட ஆழமான ஒன்றைக் கேட்கிறார். சுற்றியுள்ள உலகத்தின் அச்சில் வார்க்கப்படாமல், மனமே புதிதாக்கப்பட்டு மாற்றம் பெற வேண்டும் என்கிறார். அவ்வாறு புதிதான மனம் எதில் வெளிப்படும்? நம் பகுதியின் திருச்சபை வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அந்த மனம் முதலில் வெளிப்படும் இடம், நாம் யாருடன் அமர்கிறோம் என்பதே.

1706-இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழில் வேதாகமம் அச்சேறியது, பள்ளிகள் எழுந்தன, சபைகள் உருவாயின. ஆயினும் அச்சபைகளுக்குள் ஊரின் பிரிவினையும் உடன் நுழைந்தது. ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் அமர்ந்தனர். திருவிருந்தில் முந்திப் பெறுவோர், பிந்திப் பெறுவோர் என்ற வரிசையும் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்; ஆனால் அதைச் சொல்லும்போது வெவ்வேறு இடங்களில் நின்றார்கள்.

1820-களின் இறுதியில் தஞ்சையில் புதிய மிஷனெரிகள் இந்த வழக்கத்தை மாற்ற முற்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜியால் மதிக்கப்பட்ட புலவர், இன்றும் நாம் பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர் அவர். அவருடைய பக்தியை ஒருவரும் ஐயுற முடியாது. கிருபையை அத்துணை இனிமையாகப் பாடிய அதே நாவு, ஆலயத்தில் அமரும் வேறுபாட்டுக்காகவும் வாதாடியது. ஆழ்ந்த பக்தியும் புதிதாக்கப்படாத பார்வையும் ஒரே உள்ளத்தில் சேர்ந்து வாழக்கூடும் என்பதை இது நமக்குக் காட்டுகிறது. அவரை நியாயந்தீர்க்க இதை நினைவுகூரவில்லை. நம்மை நாமே சோதித்தறிய இது ஒரு கண்ணாடி.

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்க மனமின்றிப் பலர் சபையைவிட்டு விலகினர். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடும் அதே நிலையை எடுத்தது. ஆனால் லுத்தரன் சபைகளைப் பொறுப்பேற்றிருந்த லைப்சிக் மிஷன் வேறு வழியில் சென்றது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழை உண்மையாக நேசித்தவர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். சாதி என்பது ஒரு சமுதாய ஒழுங்கு, ஐரோப்பாவில் உள்ள குடி வேறுபாடுகளைப் போன்றது, அதைக் கட்டளையால் உடைக்கலாகாது, சுவிசேஷம் புளித்தமாவைப்போல் மெல்ல மெல்ல உள்ளிருந்து மாற்றும் என்பது அவருடைய வாதம். ஐரோப்பியப் பழக்கங்களைச் சுவிசேஷம் என்று தமிழர்மேல் சுமத்திவிடக் கூடாது என்ற அவருடைய அச்சத்தில் நியாயமும் இருந்தது.

அதே மிஷனில் ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் ஒருவரையொருவர் தீட்டாக எண்ணுவார்களானால், அது வெறும் சமுதாய வழக்கம் ஆகாது. சுவிசேஷத்தையே மறுக்கும் செயல் என்று அவர் கண்டார். கருத்து வேறுபாடு முற்றி, அவர் லைப்சிக் மிஷனைவிட்டு வெளியேறினார். 1860-களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டின் மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாக ஊழியம் தொடங்கி, அவ்விடத்துக்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். டென்மார்க் மிஷன் சங்கம் அவரோடு இணைந்தது. அந்த ஊழியமே திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி என மேற்கு நோக்கிப் பரவியது. 1950-இல் அது ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக உருப்பெற்றது. டேனிஷ் மிஷன் என்ற பெயரில் நம் பகுதியில் விளங்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைக்கும் பின்னால், 'யாருடன் அமர்வாய்?' என்ற கேள்வி இருக்கிறது.

இதற்கு ஒத்த நிகழ்ச்சியைக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாருடன் உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகினார். பேதுருவின் உபதேசம் அன்று எள்ளளவும் மாறவில்லை. மாறியது அவர் அமர்ந்த இடம் மட்டுமே. ஆயினும் அவர் சுவிசேஷ சத்தியத்துக்கு ஏற்றபடி நேராக நடக்கவில்லை என்று பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். பவுலின் கண்ணுக்குப் பந்தியும் உபதேசமும் தனித்தனியானவை அல்ல. தேவன் மனுஷனைத் தமது சாயலில் படைத்தார் என்பதும் (ஆதியாகமம் 1:27), மனுக்குலம் முழுவதையும் ஒரே மூலத்திலிருந்து தோன்றச் செய்தார் என்பதும் (அப்போஸ்தலர் 17:26) உண்மையானால், அந்த உண்மை உணவுப் பந்தியில் அமர வேண்டும்.

கிரவுலின் பொறுமை எங்கே குறைபட்டது என்பதும் இங்கே விளங்குகிறது. உயர்ந்தோர் மனம் புண்படாதபடி காத்திருக்கலாம் என்பது, பின்வரிசையில் அமர்த்தப்பட்டவர் இன்னும் ஒரு தலைமுறை அங்கேயே இருக்கட்டும் என்பதாக முடிந்தது. காத்திருப்பின் விலையை யார் செலுத்துகிறார் என்று கேட்பதும் வேதாகமக் கண்ணோட்டத்தின் ஒரு பகுதியே.

இனி நம் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையை ஏறெடுத்துப் பாருங்கள். அங்கே வாழும் மலையாளி பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். அம்மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்தது. 1947-இல் நாடு விடுதலை பெற்றபின்பும் அம்மலைக்கு விடுதலை வரவில்லை. மக்கள் ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. 1963-இல் தமிழகத்தில் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் ஜாகிர் ஒழிந்து மலை அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது 1976-இல்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. நம் சபையின் மூத்தவர்கள் பலருக்கு அந்நாட்கள் இன்னும் நினைவிருக்கும்.

நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் தங்கியிருக்கும் பரதேசிகள் என்னும் கருத்தில் லேவியராகமம் 25:23-இல் கர்த்தர் பேசுகிறார். யூபிலி ஆண்டில் அடிமைப்பட்டவன் தன் காணியாட்சிக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டளையின் அடித்தளம் இதுவே. வேதத்தின்படி எந்த ஜாகிர்தாரும் நிலத்தின் இறுதி உரிமையாளன் அல்ல. எந்த மனுஷனும் இன்னொரு மனுஷனுடைய உடைமையும் அல்ல. தம்மை அறியாத கோரேசைக் கொண்டு தம் ஜனத்தை விடுவித்த தேவன் (ஏசாயா 45), நாட்டின் சட்டத்தைக் கொண்டும் இம்மலைக்கு நன்மை செய்தார். விடுதலை எவர் கையால் வந்தாலும் அதில் களிகூர வேதம் அறிந்தவன் தயங்கமாட்டான்.

இறுதியாக, ஒருவரும் மறக்காத 2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். அந்நாட்களில் தெருவிலும் தேநீர்க் கடையிலும், சபையாரின் உரையாடலிலும்கூட, 'குடித்தார்கள், செத்தார்கள்' என்ற சொல் எளிதாக வந்தது. அரசு உதவித்தொகை அறிவித்தபோது, 'குடிகாரனுக்கு இவ்வளவா?' என்ற ஏளனமும் எழுந்தது.

இத்தகைய ஒரு சாவைப் பற்றி நம் ஆண்டவரிடமே பேசினார்கள். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமின் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரை அவர் குறிப்பிடுகிறார். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே விடையும் சொல்கிறார். பிறகு கேட்டவர்களை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். மாண்டவர்களை அளக்க வந்தவர்களின் அளவுகோலை வாங்கி, அவர்களையே அளக்கச் செய்தார். குடி பாவம் என்று சபை போதிப்பதில் ஐயமில்லை. ஆனால் நஞ்சைக் காய்ச்சியவனும் விற்றவனும் அதைக் கண்டும் காணாமல் இருந்தவனும் நம் பேச்சில் மறைந்துபோய், குடித்து மாண்டவன் மட்டும் குற்றவாளியாக எஞ்சுவானேயானால், நாம் பார்ப்பது வேதத்தின் கண்ணால் அன்று. தேவ சாயலில் உண்டான மனுஷரைச் சபிக்கும் அதே வாயால் தேவனைத் துதிப்பது தகாது என்று யாக்கோபு எழுதியது (3:9, 10) நமக்கே பொருந்தும்.

அன்பானவர்களே, ஆலயத்தில் இன்று நாம் கலந்தே அமர்கிறோம். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம். ஆயினும் பழைய வரிசைகள் இடம் மாறி நிற்கக்கூடும். பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது, 'விசுவாசக் குடும்பம்' என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் எதை விசாரிக்கிறோம்? நம் வீட்டு விருந்துக்கு யாரை இதுவரை அழைத்ததில்லை? கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போது எது நம் நினைவில் நிற்கிறது? மலையிலிருந்து இறங்கி வந்து சந்தையில் கடுக்காயும் தேனும் விற்பவரை எந்தச் சொல்லால் விளிக்கிறோம்? கருணாபுரத்தின் விதவை நம் ஆலய வாசலுக்கு வந்தால், முதலில் என்ன கேட்போம்?

இந்தக் கேள்விகளுக்கு விசுவாசப் பிரமாணத்தை ஒப்பித்து விடை சொல்ல முடியாது. இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஜெபவேளையில் கலாத்தியர் 2:11-14-ஐ வாசித்து, மேற்கண்ட கேள்விகளில் ஒன்றையாவது பிள்ளைகள் முன்பாகவே பேசும்படி அன்போடு வேண்டுகிறேன். அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன்பு, இதுவரை அழைத்திராத ஒருவரை நம் வீட்டுப் பந்திக்கு அழைப்போம்.

ஜெபம்: சகல மனுஷரையும் உமது சாயலில் உண்டாக்கின பிதாவே, எங்கள் கண்களைப் புதிதாக்கும். நீர் தாழ்வாக எண்ணாத ஒருவரையும் நாங்கள் தாழ்வாக எண்ணாதபடி காத்துக்கொள்ளும். இந்த ஊரின் துயருற்ற வீடுகளையும் மலைவாழ் ஜனங்களையும் தேற்றும். பாவிகளோடு பந்தியிருந்த உம் குமாரனும் எங்கள் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.