அழித்தது அழிந்ததா?

என் பழைய மடிக்கணினியைச் சித்தி மகனுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். கோப்புகளை எல்லாம் நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்று. "பேங்க் பாஸ்புக்கெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருந்தியே, அழிச்சிட்டியாடா?" என்று அம்மா கேட்டார். "ஆச்சும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே அழிந்துவிட்டதா? தேடிப் படித்ததில் ஒரு சுவையான வரலாறே கிடைத்தது.

1981-இல் ஐ.பி.எம். பி.சி.யுடன் டாஸ் வந்தது. அதில் ஒரு கோப்பை நீக்கினால், அதன் பெயரின் முதல் எழுத்து ஒரு குறியாக மாறும். அந்த இடம் காலி என்று பதிவாகும். அவ்வளவுதான்! உள்ளே இருந்த தகவல் அப்படியே இருக்கும். நூலகத்தில் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டு, பட்டியலில் அதன் பெயரை மட்டும் அடித்துவிடுவது போல. வேலை சீக்கிரம் முடியும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

1982-இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட நார்ட்டன் யுடிலிட்டீஸ், இதைப் பயன்படுத்தியே நீக்கிய கோப்புகளை மீட்டுக் கொடுத்தது. கை தவறி அழித்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் கணினியை விற்றவர்களுக்கு?

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் இரண்டு மாணவர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கினார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12! மற்றவற்றில் மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள், 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் எல்லாம் கிடைத்தன. ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்ததாகத் தோன்றிய டிஸ்க்கும் ஒன்று உண்டு. 2003-இல் இந்த ஆய்வு வெளியானது. பலர் ஃபார்மேட் செய்துதான் விற்றிருந்தார்கள். அதுவும் போதவில்லை.

சரி, எப்படித்தான் அழிப்பது? 1996-இல் நியூசிலாந்தின் பீட்டர் குட்மன், 35 முறை மேலெழுதும் முறையை ஒரு கட்டுரையில் விவரித்தார். பலர் அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டார்கள். வெவ்வேறு பழைய வகை டிஸ்க்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன எண்ணிக்கை அது, ஒரே டிஸ்க்கிற்கு அத்தனையும் தேவையில்லை என்று அவரே பிறகு விளக்கினார். 2001-க்குப் பின் வந்த ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஒரே ஒரு முறை முழுவதும் மேலெழுதினால் போதும் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2006-இல் சொன்னது.

பிறகு எஸ்.எஸ்.டி. வந்து கதையையே மாற்றியது. அது புதிதாக எழுதுவதைப் பழைய இடத்திலேயே எழுதாமல் வேறு இடத்தில் எழுதும். அதனால் ஒரு கோப்பின் மேல் மேலெழுதினாலும் பழைய பிரதி உள்ளே தங்கலாம் என்று 2011-இல் சான் டியாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு, டிஸ்க்கிலேயே உள்ள அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அதைவிட நல்லது, முதல் நாளிலிருந்தே டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து வைப்பது. கடைசியில் சாவியை அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கிறுக்கல்தான்.

நாற்பது ஆண்டு வரலாறு சொல்வது ஒன்றே: கண்ணில் படவில்லை என்பதற்காக ஒன்று அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. என் மடிக்கணினியில் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, இன்று இரவு முழுவதும் மேலெழுத விட்டிருக்கிறேன். சித்தி மகன் இன்னும் ஒரு நாள் காத்திருக்கட்டும்!

நீங்களும் கொடுப்பதற்கு முன் துடைத்துவிடுங்கள். துடைப்பதற்கு முன் வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.