கல்லறை துடைக்கும் நாள்

சீனரின் பழஞ்சடங்கு நூலாகிய 'லி ஜி'யில் கன்பூசியஸைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று சொல்லப்படுகிறது. இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்குத் தந்தை புதைக்கப்பட்ட இடம் எதுவெனத் தெரியாது. தாய் இறந்தபோது, மன்ஃபு என்பவனின் தாயிடம் வினவியே அவ்விடத்தை அறிந்துகொண்டார். பின்னர்த் தாயையும் தந்தையையும் ஃபாங் என்னுமிடத்தில் ஒருசேர அடக்கம் செய்தார். புதைகுழியின்மேல் மேடு எழுப்பாமல் நிலத்தோடு நிலமாக விட்டுவிடுவதே பண்டையோர் வழக்கம். பழமையைப் போற்றுவதையே வாழ்வாகக் கொண்ட கன்பூசியஸ் அவ்வழக்கத்தை அறியாதவர் அல்லர். ஆயினும், தாம் நாற்றிசையும் அலைகின்ற மனிதர் என்பதால் அடையாளமின்றி விட இயலாது என்று கூறிச் சீன அளவில் நான்கடி உயரத்திற்கு மண்மேடு எழுப்பினார். அப்போது பெய்த பெருமழையில் மேடு சரிந்தது. மாணவர்கள் வந்து அதனைச் சொன்னபோது அவர் வாய் திறக்கவில்லை. மும்முறை சொன்னபின் கண்ணீர் பெருக்கி, முன்னோர் கல்லறையைச் செப்பனிட்டதில்லை என்று தாம் கேள்விப்பட்டிருப்பதாகக் கூறினாராம்.

இது நடந்த நிகழ்ச்சியா, பிற்காலத்தார் புனைவா என்பது வேறு ஆராய்ச்சி. மண்மேட்டிற்கு அவர் காட்டும் காரணமே இங்குக் கருதத்தக்கது. ஆவி அங்கே உறைகிறது என்றோ, படையலிட்டால் பயன் விளையும் என்றோ அவர் சொல்லவில்லை. ஊரைவிட்டுப் போகிறவன் திரும்பி வரும்போது இடம் தெரியவேண்டும் என்பது ஒன்றே அவர் கூறியது. சீனரின் கல்லறை வழக்கத்திற்குப் பிற்காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொருள் கற்பித்தனர். அப்பொருளை வைத்தே அதனை அனுமதித்தனர், தடுத்தனர். இந்த எளிய காரணத்தை அவர்களுள் பலர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முன்னோர் கல்லறைக்குச் செல்லும் நாளைச் சீனர் 'சிங்மிங்' என்பர். தெளிவும் ஒளியும் என்பது அச்சொல்லின் பொருள். இளவேனிற் சமஇரவு நாளிலிருந்து பதினைந்தாம் நாள் அளவில், ஏப்ரல் மாதம் 4, 5, 6 ஆகிய தேதிகளுள் ஒன்றில் அது வரும். சீனப் பெருநாள்களுட் பல திங்களின் ஓட்டத்தை ஒட்டியவை. இதுவோ ஞாயிற்றின் ஓட்டத்தை ஒட்டியது. இதற்கு முன்னாளிலேயே அடுப்பு மூட்டாமல் ஆறிய உணவு உண்ணும் நோன்பு ஒன்று இருந்தது. அந்நோன்பு நாளில் மக்கள் கல்லறைக்குச் செல்லும் பழக்கம் பரவியது. தாங் மரபின் பேரரசர் சுவான்சோங் கி.பி. 732-இல் இதுபற்றி ஆணை ஒன்று பிறப்பித்தார். அதன் வாசகம் வியப்பிற்குரியது. இவ்வழக்கத்திற்குச் சடங்கு நூல்களில் ஆதாரம் இல்லை என்று ஆணையே ஒப்புக்கொள்கிறது. அண்மைக்காலத்தில் தோன்றி வழக்காகிவிட்டதென்றும், குடும்பக் கோயில் எடுக்கும் தகுதியில்லாத எளிய மக்கள் தம் அன்பைக் காட்ட வேறு வழி இல்லையென்றும் கூறி, அதனை அரசு ஏற்ற சடங்குகளுள் சேர்க்கிறது. நூல் சொன்னதால் மக்கள் செய்தனர் என்பதன்று. மக்கள் செய்ததால் நூலில் ஏறியது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பும் மரபில் வந்தவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

சடங்கின் பெரும்பகுதி கைவேலையே. மண்டிய புல்லைக் களைதல், சரிந்த மண்ணை ஏற்றுதல், கல்லைக் கழுவுதல், மங்கிய எழுத்துகளுக்கு மீண்டும் வண்ணம் தீட்டுதல், வந்துபோனதற்கு அடையாளமாக மேட்டின்மேல் தாள்களை வைத்துக் கல்லால் அழுத்துதல் ஆகியவை முதலில் நடைபெறும். அருகிலேயே நிலத்தெய்வத்திற்கும் ஊதுவத்தி ஏற்றப்படும். சோறும் பழமும் தேநீரும் மதுவும் படைத்துத் தாட்காசுகளை எரித்தபின், படைத்ததைக் குடும்பத்தார் பகிர்ந்து உண்பர். சிறுவர்க்குக் கல்லிலுள்ள பெயர்கள் படித்துக் காட்டப்படும். பல குலங்களில் தலைமுறைப் பெயர்களைத் தருவது ஒரு கவிதை. அக்கவிதையின் எழுத்துகளை வரிசைப்படி எடுத்துத் தலைமுறைக்கு ஓரெழுத்தாகப் பெயரில் வைப்பர். மா சேதுங்கும் அவர்தம் இளவல்கள் இருவரும் 'சே' என்னும் எழுத்தைப் பொதுவாகப் பெற்றது இம்முறையினால்தான். சில நூறு ஆண்டுகள் பிள்ளை பெற்றுப் பெயரிட்டால்தான் படித்து முடிக்கக்கூடிய கவிதை அது! பாவலர்க்கு இதனினும் பெரிய பேறு ஏது?

இவ்வழக்கத்தைப் பற்றி எழுந்த மிகப்பெரும் வழக்கு சீனாவிற்கு வெளியே, உரோமாபுரியில் நடந்தது. 1610-இல் பீக்கிங்கில் மறைந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி, முன்னோர்க்குச் செய்யும் மரியாதை சிலைவழிபாடு அன்று என்ற கருத்தினர். எனவே கிறித்தவம் தழுவிய சீனர் அதனைத் தொடர இசைந்தார். பின்வந்த தொமினிக்கன், பிரான்சிஸ்கன் சபையார் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். பேரரசர் காங்சியிடமே இயேசு சபையார் விளக்கம் கேட்டனர். முன்னோரை நினைந்து நன்றி காட்டுவதே சடங்கின் நோக்கம் என அவர் 1700-இல் உறுதி கூறினார். உரோமாபுரியோ பேரரசர் சொல்லை ஏற்கவில்லை. சடங்கின் பொருளைச் சடங்கு செய்வோரிடம் கேட்டறிவதைவிடத் தாமே முடிவு செய்வது எளிதாயிருந்தது போலும்.

இவ்வழக்கில் தமிழ்நிலமும் தொடர்புடையது. திருத்தந்தை பதினோராம் கிளெமெண்ட் சீனாவிற்கு அனுப்பிய தூதர் தூர்னோன், வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டுத் திங்கள் அங்கே தங்கினார். நோயுற்றிருந்தமையால் உள்நாட்டிற்குச் சென்று மக்களின் வாழ்வைக் காணவில்லை. ஆயினும், இராபர்ட் தெ நோபிலி மதுரையில் தொடங்கிய முறையின்படி தமிழ்க் கிறித்தவர் கைக்கொண்டிருந்த பழக்கங்கள் பலவற்றை 1704 சூன் திங்களில் ஓர் ஆணையால் விலக்கினார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருநீறு ஆகியன அவற்றுட் சில. ஆணை வெளிவந்த சில நாளில் கப்பலேறினார். சீனா சென்று காங்சியைக் கண்டார். 1707-இல் நான்கிங்கில் முன்னோர் சடங்கையும் விலக்கி அறிவித்தார். சினங்கொண்ட காங்சி அவரை மக்காவ் நகருக்கு அனுப்பிவிட்டார். 1710-இல் அங்கேயே காவலில் உயிர்நீத்தார். வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் பெஸ்கி இந்தியக் கரையில் இறங்கியதும் அதே ஆண்டிலேயே.

1715-ஆம் ஆண்டின் ஆணைமடலைப் படித்த காங்சி, 1721-இல் கிறித்தவப் பரப்புரையையே நிறுத்துமாறு கட்டளையிட்டார். 1742-இல் பதினான்காம் பெனடிக்ட் சீனச் சடங்குகள் பற்றியும், 1744-இல் தமிழகத்துச் சடங்குகள் பற்றியும் முடிவான தடையை வெளியிட்டார். இருநூறாண்டுகளுக்குப் பின்னர், 1939-இல், பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், முன்னோர் படத்தின்முன் தலைவணங்குவது போன்ற மரியாதைகள் தவறல்ல என உரோமாபுரி அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் ஏப்ரல்தோறும் உறவினர் கல்லறைக்குச் செல்ல, வீட்டில் தனித்திருந்த சீனக் கிறித்தவர் எத்துணைத் தலைமுறையினர்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்சீன மக்கள் பிழைப்பு நாடித் தொலைநாடுகளுக்குச் சென்றபோதுதான் கன்பூசியஸின் சொல் முழுப்பொருள் பெற்றது. அயல்மண்ணில் இறந்தவரின் எலும்புகளைத் தோண்டி எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பும் ஏற்பாடுகளைச் சங்கங்கள் செய்தன. கல்லறைக்கு வர ஆள் இல்லாத இடத்தில் கிடத்தலாகாது என்பது அவர்தம் கவலை. நியூசிலாந்தின் தங்கவயல்களில் உழைத்து மடிந்த 499 சீனரின் உடல்களை ஏற்றிக்கொண்டு 'வென்ட்னர்' என்னும் கப்பல் 1902 அக்டோபரில் வெலிங்டனிலிருந்து புறப்பட்டது. அதற்கு முன்னின்று பாடுபட்ட சங்கத்தின் தலைவர் சோய் சியூ ஹோய் அதற்கு முந்திய ஆண்டே இறந்திருந்தார். அவர் உடலும் அக்கப்பலிலேயே சென்றது. கப்பல் பாறையில் மோதி, ஓகியாங்கா கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. பின்னர்ச் சில எலும்புகள் கரை ஒதுங்கின. அவை யாருடையவை என்று மவோரி மக்களுக்குத் தெரியாது. ஆயினும் அவற்றை எடுத்துத் தம் முன்னோர் துயிலும் இடத்தருகே அடக்கம் செய்தனர். அச்செய்தியைத் தம் வழியினர்க்கும் சொல்லி வைத்தனர். நூறாண்டு கடந்தபின் சீன வழித்தோன்றல்கள் இதனை அறிந்து, 2013-இல் அங்குச் சென்று நன்றி கூறினர். தொமினிக்கருக்கும் இயேசு சபையார்க்கும் நடந்த வாதத்தில் எவரும் கேளாத கேள்விக்கு அக்கரையோர மக்கள் விடை தந்துவிட்டனர்.

சிங்கப்பூரில் நேர்ந்தது வேறு வகை. அங்கே எவரும் சடங்கைப் பழிக்கவில்லை, நிலம் போதவில்லை. இன்றைய பீஷான் குடியிருப்பு நகரம், பெக் சான் தெங் என்னும் கன்டோனியர் இடுகாடு இருந்த இடத்தில் எழுந்தது; ஊர்ப்பெயரே இடுகாட்டின் பெயர்தான். 1922-இல் திறந்து 1973-இல் மூடப்பட்ட புக்கிட் பிரவுன் இடுகாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள் இருந்தன. அதனூடே சாலை வரும் என்று 2011-இல் அறிவித்தபின் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவை தோண்டி அகற்றப்பட்டன. இறந்தவரின் சீனத்துச் சிற்றூர்ப் பெயர் அக்கற்களிற் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சில செல்வர் கல்லறைகளில் தலைப்பாகை அணிந்த சீக்கியக் காவலர் சிலைகளும் நிற்கின்றன. வாழ்ந்தபோது வாயில் காத்தவர்க்கு இறந்தபின்னும் ஓய்வில்லை. 1998-இல் அறிவித்த கொள்கையின்படி அந்நாட்டில் புதைகுழிக்குப் பதினைந்தாண்டே தவணை. எரித்த சாம்பலை அடுக்குமாடத்தில் வைத்து, கைப்பிடியளவு கதவைத் துடைத்துச் சிங்மிங் கொண்டாடுவோரே அங்குப் பெரும்பாலர். புல் களைய வேலையில்லை. ஆயினும் பெயரைத் துடைக்கும் வேலை எஞ்சியிருக்கிறது.

இழிவு நேர்ந்ததும் சீனத்திலேயே. சூஃபு நகரில் கன்பூசியஸ் குலத்தாரின் இடுகாடு ஒரு காடாகவே விரிந்துள்ளது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கல்லறைகள் அதிலுள்ளன. பண்பாட்டுப் புரட்சியின்போது, 1966 நவம்பரில், பீக்கிங்கிலிருந்து வந்த செங்காவலர் அங்கே புகுந்தனர். 76-ஆம் தலைமுறைத் தலைவரான கொங் லிங்யியின் உடலைத் தோண்டி எடுத்து இழிவு செய்தனர். அவர் இறந்தபின் பிறந்து, தந்தை முகமே காணாத மகன் கொங் தெசெங் அப்போது தைவானில் வாழ்ந்துவந்தார். அவர் 2008-இல் மறைந்தார். சீன அரசு சிங்மிங் நாளைப் பொது விடுமுறையாக்கியதும் அவ்வாண்டில்தான். அடுத்த ஆண்டில் கொங் குலத்தின் புதிய மரபுவழிப் பதிவேடு வெளியாயிற்று. இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன.

தந்தையின் கல்லறையைக் கன்பூசியஸுக்குக் காட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரை 'லி ஜி' தரவில்லை. மன்ஃபுவின் தாய் என்பதோடு நிறுத்திவிட்டது. கொங் குலப் பதிவேட்டிலும் மகளிர்க்கு இடமில்லாதிருந்தது. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அக்குலத்தில் பிறந்த பெண்களின் பெயர்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன.